கண்ணாடி அறையில் கரண்டி அக்கா

நாத்தனாரைப் பற்றி நல்லதாக எழுதப் போகிறேன் என்று சொன்னதும், என் வீட்டுக்காரர் எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய அக்காதான் என் நாத்தனார். நான் கல்யாணமாகி வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. அவளும் நானும் இதுவரை சண்டை போடாத விஷயம் ஏதாவது இருந்தால், அது எங்கள் இருவருக்கும் இன்னும் தோன்றவில்லை என்றுதான் அர்த்தம். ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடுவதா, துவாலையை எப்படி மடிப்பது, ரேடியோவை எவ்வளவு சத்தமாக வைப்பது எல்லாவற்றுக்கும் போட்டாயிற்று. இருந்தாலும் எழுதத்தான் போகிறேன். மாதக்கணக்கில் அவள் சொன்னதை நான் நம்பவில்லை. அது என் தப்பு.

ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் தொழிற்சாலையின் கேன்டீனில் அவள் தலைமைச் சமையல்காரி. பத்தொன்பது வயதில் தட்டு கழுவப் போனவள், இப்போது ஐம்பத்திரண்டு. தினமும் நானூறு பேருக்குச் சமையல். வெள்ளை ஏப்ரன் பையில் எப்போதும் நீளக் காம்பு வைத்த ஒரு கரண்டி செருகியிருக்கும். அதனால் தொழிற்சாலை முழுக்க அவளுக்குக் கரண்டி அக்கா என்று பேர். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "நானூறு ஆம்பளைங்களுக்கு ஆக்கிப் போடறேனே, இன்னும் ஒருத்தன் வேற வேணுமா?" என்பாள். எங்கள் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறாள்.

சிமெண்டுத் தரையில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றதில் வலது முழங்கால் தேய்ந்து போயிற்று. படி ஏறும்போது அது போடும் சத்தம் கீழே தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் எனக்கே கேட்கும். மூட்டு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, மாற்று மூட்டு வைத்துவிடலாம், ஆனால் எடை எண்பத்தைந்துக்கு இறங்கினால்தான் கத்தி வைப்பேன் என்றார். அப்போது அவள் நூற்று நான்கு கிலோ. கேன்டீன் மேனேஜரோ அடுத்த வருஷக் கடைசி வரை பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் ஆபரேஷன் ஆகாவிட்டால் அடுப்படி வேண்டாமாம், ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து சாமான் வரவு எழுதலாமாம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எழுதறதுக்கா நான் பொறந்தேன்?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போனவள், மறுநாள் காலைச் சாப்பாட்டை நிறுத்தினாள்.

சும்மா சொல்லக்கூடாது, வாயைக் கட்டினாள். காலையில் வெறும் டீ, மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு, ராத்திரிக்கு அவித்த காய். ஐந்து மாதத்தில் பன்னிரண்டு கிலோ இறங்கியது. நான் அவளுடைய சட்டைகளை எல்லாம் பக்கவாட்டில் பிடித்துத் தைத்தேன். பிறகு தொண்ணூற்றிரண்டில் முள் நின்றது. நின்றது என்றால் ஏழு மாதம் அசையவே இல்லை. சாப்பாட்டை இன்னும் குறைத்தாள். முடி கொட்டியது, எங்கள் எல்லோருக்கும் வேர்க்கும்போது அவளுக்கு மட்டும் குளிர்ந்தது, மூக்கு நுனியில் கோபம் நின்றது. முள் மட்டும் இறங்கவில்லை. தைராய்டாக இருக்கும் என்று தெருவில் பாதிப் பேர் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டு ஒழுங்காக இருந்தது. மூட்டு டாக்டர் அவளுடைய ஃபைலில் ஒரே வரி எழுதினார்: உணவுக் கட்டுப்பாட்டைப் பின்பற்றவில்லை.

நான் தையல்காரி. என் கழுத்தில் தொங்கும் டேப் யாருக்கும் முகஸ்துதி பண்ணாது. ஏழு மாதமாக இடுப்பளவு மாறவில்லை என்றால் ஏதோ வாய்க்குள் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. தோன்றியதை மனதுக்குள் வைத்துக்கொண்டேனா என்றால், இல்லை. ஒரு நாள் வீட்டுக்காரரிடம், "நாள் பூரா அடுப்புப் பக்கத்துலயே நிக்கிறவங்க. வாய் சும்மாவா இருக்கும்?" என்றேன். திரும்பிப் பார்த்தால் படிக்கட்டில் அவள் நிற்கிறாள். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாவது நாள் மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு அறிவிப்பைக் கிழித்துக்கொண்டு வந்து என் மிஷின் மேல் வைத்தாள்.

பட்டினி கிடந்து எடை குறைந்து, பிறகு குறையாமல் நின்றுபோனவர்கள் ஒரு ஆராய்ச்சிக்குத் தேவை என்று அதில் போட்டிருந்தது. ஒரு நாள் முழுக்க ஒரு மூடிய அறையில் இருக்க வேண்டும். உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று அந்த அறை அளந்து சொல்லும்.

"மனுஷங்கதான் நம்ப மாட்டேங்கறீங்க. அந்த ரூமு பொய் சொல்லாதாம். நீயும் கூட வந்து பாரு" என்றாள்.

போவதற்கு முன் இரண்டு வாரம், சாப்பிடுவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதினாள். நான் திருட்டுத்தனமாக அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். "அரை பிஸ்கட். மீதி அரை தம்பிக்கு" என்று எழுதியிருந்தது. பாதி பிஸ்கட்டைக்கூட விடாமல் எழுதுகிறவள் பொய் சொல்வாளா என்று அப்போதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

அந்த அறை பெரிய அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒரு கட்டில், மேசை, நாற்காலி, டிவி, மடக்குக் கதவுக்குப் பின்னால் கழிப்பறை. வெளிக்கதவில் ஃப்ரிட்ஜுக்கு இருப்பது போல ரப்பர் விளிம்பு. ஒரு பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி ஜன்னல், அதன் கீழே இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு பெட்டி. சாப்பாடு அந்தப் பெட்டி வழியாகத்தான் உள்ளே போகும். கூரையில் இரண்டு குழாய்கள். ஒன்றில் காற்று உள்ளே வரும், இன்னொன்றில் வெளியே போகும். எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ள ஒரு பெரியவர் இருந்தார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தும்முவார். நாங்கள் அவரை அறைக்காரர் என்று பேசிக்கொண்டோம்.

காலை எட்டு மணிக்கு அவளை உள்ளே விட்டுக் கதவை மூடினார். நானும் அவரும் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்தோம். உள்ளே மைக் இருந்தது.

"மூச்சு விடறதக்கூட விடாம எண்ணுவீங்களா?" என்று கேட்டாள்.

"அதத்தாம்மா எண்ணுவோம்" என்றார் அறைக்காரர். "அடுப்பு எரியணும்னா காத்து வேணுமில்ல? உடம்பும் அப்படித்தான். எவ்வளவு காத்து உள்ள இழுக்கறீங்க, அதுல எவ்வளவு கரிக்காத்தா வெளிய வருதுன்னு பாத்தா, உள்ள எவ்வளவு எரிஞ்சுதுன்னு சொல்லிடலாம்."

அடுப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. கட்டிலில் போய் நீட்டிப் படுத்தாள்.

எனக்கு ஒரு சந்தேகம். படுத்திருக்கிறவளிடம் அளக்க என்ன இருக்கிறது? கேட்டேன். அறைக்காரர் சிரித்தார். ஒரு நாள் செலவில் பெரும்பங்கு இந்தப் படுக்கைச் செலவுதானாம். இதயம் அடிக்க வேண்டும், ஈரல், மூளை, சிறுநீரகம் எல்லாம் வேலை செய்ய வேண்டும், உடம்பு சூடாக இருக்க வேண்டும். தூங்கினாலும் அதெல்லாம் நடந்துகொண்டே இருக்கும். சாப்பிட்டதைச் செரிக்கவே கொஞ்சம் செலவாகும். நடப்பது, பாத்திரம் தூக்குவது எல்லாம் அதற்கு மேல்.

"அப்ப நான் மட்டும் ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டும் குச்சி மாதிரி இருக்கேனே, அது எப்படி?"

"காலையிலேருந்து பாக்கறேன். உக்காந்த இடத்துல காலை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க. நாலு தடவை எழுந்து போயி ஜன்னல் கண்ணாடியத் தொட்டுப் பாத்துட்டு வந்தீங்க. அதுவும் செலவுதான். உங்க அக்கா பாருங்க, படுத்தா படுத்த இடந்தான்."

காலை ஆட்டுவதை நிறுத்தினேன். ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. மிஷின் மிதித்த கால், பாவம், அதற்கு வேறென்ன தெரியும்?

மத்தியானம் பெட்டி வழியாகச் சாப்பாடு போனது. சூப், அவித்த காய், கோழி, பருப்பு, உருளைக்கிழங்கு என்று கிண்ணம் கிண்ணமாக, வேண்டிய அளவுக்கு மேலேயே வைத்திருந்தார்கள். உப்பும் மிளகுத் தூளும் தனியாக. வேண்டியதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, எவ்வளவு சாப்பிட்டோம் என்று அவளே நோட்டில் எழுத வேண்டும். மிச்சத்தை இவர்கள் வெளியே எடுத்து நிறுத்துப் பார்ப்பார்கள். அவளுடைய கண் மதிப்பு எவ்வளவு சரி என்று பார்க்கத்தான்.

தட்டை இழுத்துப் போட்டுச் சாப்பிடுவாள் என்று பார்த்தால், கைப்பையைத் திறந்து தன் கரண்டியை எடுத்தாள். சூப்பில் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டு, கூரையைப் பார்த்தாள். உப்புப் போட்டுக் கலக்கினாள். மறுபடி ஒரு கரண்டி. பருப்பில் ஒரு கரண்டி எடுத்தவள் முகத்தைச் சுளித்து, மிளகு தூவி, மறுபடி ஒன்று. மைக்கில் அவள் குரல் வந்தது: "இதச் சமைச்சது யாரு? கேன்சர் வார்டுக்குக் குடுக்கறதா இருந்தாக்கூட இப்படிச் சப்புனு இருக்கக்கூடாது." அறைக்காரர் தும்மினார். எல்லாக் கிண்ணத்தையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்த பிறகுதான் தட்டில் வைத்துச் சாப்பிட்டாள். கொஞ்சமாகத்தான் சாப்பிட்டாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிறுத்தி நிதானமாக நோட்டில் எழுதினாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளை வெளியே விட்டார்கள். பக்கத்திலிருந்த சின்ன ஆபீஸில் அறைக்காரர் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் நாள் இருந்த சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

"நோட்டுப்படி நீங்க ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி சாப்பிடறீங்க. வேலை நாள்ல உங்க உடம்பு செலவழிக்கறது ரெண்டாயிரம் பக்கத்துல வரும். நோட்டு சரின்னா மாசம் மூணு கிலோ இறங்கணும்மா. நேத்து சாப்பாட்டுலயும், கிண்ணத்துல குறைஞ்சதுக்கும் நீங்க எழுதினதுக்கும் இடிக்குது."

கைப்பையின் வாரைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப் போயின.

"அப்ப நான் பொய் சொல்றேன். இந்த ரூமும் அதத்தான் சொல்லுதா?"

குரல் உடைந்திருந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை, சண்டையில்கூட. மாதக்கணக்காக நான் நினைத்தது சரி என்று நிரூபணமாகிவிட்டதே, எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இவள் பொய் சொல்லவில்லை. அரை பிஸ்கட்டை எழுதினவள். அப்படியென்றால் அந்த மீதி எங்கே போயிற்று? நேற்று அவள் சாப்பிட்டதை முதலிலிருந்து மனதில் ஓட்டிப் பார்த்தேன்.

"அக்கா, சாப்பிடறதுக்கு முன்னாடி உப்பு பாத்தீங்களே. அத எழுதினீங்களா?"

"எத?"

"ருசி பாத்தத."

என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "அது சாப்பாடா? அது வேலைடி."

அறைக்காரரின் பேனா நின்றது.

"கேன்டீன்ல எத்தனை பாத்திரம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பன்னெண்டு."

"ஒவ்வொண்ணுக்கும் எத்தனை தடவை பாப்பீங்க?"

"உப்புப் போட்டதும் ஒரு தடவை. கொதி வந்ததும் ஒரு தடவை. இறக்கறப்ப ஒரு தடவை." விரலை மடக்கிக்கொண்டே வந்தவளின் குரல் இறங்கியது. "பாக்காம எப்படி இறக்கறது? நானூறு பேரு."

அறைக்காரர் ஒரு ஜக்கையும் ஒரு பக்கெட் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தார். அவள் கரண்டியைக் கேட்டார். அவள் கொடுக்கவில்லை. தானே மொண்டு ஜக்கில் ஊற்ற ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு என்று நான் எண்ணினேன். பத்து ஆனபோது, இவ்வளவுதானா என்பது போல எங்களைப் பார்த்தாள். இருபதில் ஜக்கில் பாதி நிறைந்தது. முப்பத்தாறாவது கரண்டியை ஊற்றிவிட்டு ஜக்கைக் கையில் தூக்கிப் பார்த்தாள். முக்கால் ஜக்குக்கு மேல் இருந்தது. எண்ணெயும் பருப்பும் கோழிச்சாறும் சேர்ந்து முக்கால் ஜக்கு, தினமும். தட்டில் வைத்துச் சாப்பிடுவதை எல்லாம் குறைத்து, இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள். எந்தச் சமையல்காரியைக் கேட்டாலும் இதைச் சாப்பாட்டில் சேர்த்திருக்கமாட்டாள் என்று அவளே பிறகு சொன்னாள்.

முதலில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அப்படியே அது அழுகையாகவும் ஆயிற்று. அறைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பித் தும்மினார். வேண்டுமென்றேதான் தும்மினார் என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் இன்னொரு காகிதத்தை எடுத்தார்.

"இன்னும் முடியலம்மா. உங்க எடைக்கும் வயசுக்கும் சும்மா படுத்திருந்தா ஆயிரத்து ஐநூறு பக்கத்துல எரியணும். உங்களுக்கு ஆயிரத்து முந்நூத்தம்பதுதான் எரியுது. குளிருதுன்னு சொன்னீங்களே, உடம்பு சிக்கனம் பிடிக்குது. சாப்பாட்ட ஒரேயடியா நிறுத்தினா, பஞ்சம் வந்துருச்சுன்னு அது செலவக் கொறைச்சுக்கும். கொழுப்போட சேத்து சதையையும் இழந்துட்டீங்க. சதை போனா அது எரிக்கறதும் போகும். டாக்டர் குடுத்த பட்டியல் எல்லாருக்கும் பொதுவாப் போட்டது. உங்கள அளந்து போட்டதில்ல."

அது எனக்கு உடனே புரிந்தது. கடையில் தொங்கும் ரெடிமேட் சட்டையை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, அது பொருந்தவில்லை என்றால் உடம்பின் மேல் குறை சொல்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவளுக்கோ வேறு ஏதோ புரிந்திருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்ப தப்பு என் பக்கமும் இருக்கு, அந்த மூட்டு டாக்டரு பக்கமும் இருக்கு" என்றாள். முகத்தில் பழைய மிடுக்கு வந்துவிட்டது.

ருசி பார்த்துவிட்டுத் துப்பலாமே என்று அறைக்காரர் சொன்னபோது ஒரு பிடி பிடித்தாள். "சாப்பாட்டத் துப்பறதா? அதுக்கு நான் ஸ்டோர் ரூமுலயே உக்காந்துக்கறேன்." கடைசியில் கரண்டியைச் சின்னதாக்குவது என்று முடிவாயிற்று. குழந்தைக்கு மருந்து கொடுக்கும் அளவில் ஒரு கரண்டி வாங்கினாள். இறக்கும்போது மட்டும் அவள் பார்ப்பாள், மற்ற இரண்டு தடவை உதவிச் சமையல்காரி பார்ப்பாள். முதல் வாரம் அந்த உதவிச் சமையல்காரியின் நாக்கை அவள் சந்தேகப்பட்டதில் கேன்டீனே இரண்டுபட்டது. அது தனிக் கதை.

சாப்பாடு குறையவில்லை, கூடியது. காலையில் முட்டை, மத்தியானம் பருப்பும் கோழியும் தட்டில், உட்கார்ந்து. ராத்திரி ஏழு மணி நேரத் தூக்கம். இதற்கெல்லாம் மேலே, போன சதையைத் திரும்பக் கொண்டுவரப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து உட்கார வேண்டும். முதல் நாள் அவளால் ஒரு தடவைகூட முடியவில்லை. பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்தாள். "உன் நாற்காலி சரியில்ல" என்றாள். என் நாற்காலி முப்பது வருஷம் உழைத்த நாற்காலி. அதற்கும் ஒரு சண்டை. தினமும் காலையில் நான் எதிரே நிற்பேன், அவள் எழுவாள். மூன்றாவது வாரம் இரண்டு தடவை. எட்டாவது வாரம் ஐந்து. அதற்குள் அவளுக்குக் குளிர்வது நின்றிருந்தது. முள்ளும் நகர ஆரம்பித்தது, மாதத்துக்கு ஒரு கிலோ, சில மாதம் அதுவும் இல்லை.

ஒரு நாள் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "அக்கா, அன்னைக்குப் படிக்கட்டுல உங்க காதுல விழுந்ததுக்கு மன்னிச்சுக்கங்க" என்றேன். "படிக்கட்டுல மட்டும்தானா? என் நோட்டப் புரட்டினியே, அதுக்கு?" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "எண்ணு, எண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுந்தாள்.

வருஷம் முடிய ஆறு வாரம் இருக்கும்போது மூட்டு டாக்டரிடம் போனோம். எடை எண்பத்தெட்டு. மூன்று கிலோ பாக்கி. அறைக்காரர் அனுப்பியிருந்த அறிக்கையை டாக்டர் ஒரு தரம் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். முன்பு அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்று அவரே சொன்னார். அதைச் சொன்னதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன், அவள் மன்னித்தாளா என்று தெரியாது.

"எடைய விடுங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்கறதுக்குத் தொடையில பலம் இருக்கணும். கைய ஊனாம பத்து தடவை எழுந்து உக்காருங்க, தேதி குடுத்துடறேன்" என்றார்.

வீட்டில் அவள் அதிகபட்சம் செய்தது எட்டு.

நாற்காலியைச் சுவரோரம் போட்டார்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டாள். முதல் ஐந்தும் மளமளவென்று வந்தன. ஆறாவதில் முழங்கால் சத்தம் போட்டது. ஏழில் உதட்டைக் கடித்தாள். எட்டில் நெற்றியில் வேர்வை இறங்கியது. ஒன்பதாவது தடவை எழுந்து நின்றபோது வலது கால் வெடவெடவென்று ஆடியது, உடுப்பின் விளிம்பு வரை அது தெரிந்தது. எண்ணிக்கொண்டிருந்த நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். டாக்டர் பதறி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"போதும்மா, போதும். நான் பாத்துட்டேன்."

அவள் உட்கார்ந்தாள். மூச்சு இரைத்தது.

"பத்துன்னுதானே சொன்னீங்க? ஒன்பதோட விட்டா நான் பத்துப் பண்ணலன்னுதானே ஆகும்?"

அவள் கண்ணை மூடினாள். மெதுவாக, ரொம்ப மெதுவாக, உடம்பு நாற்காலியை விட்டுக் கிளம்பியது. பாதியில் நின்றது. நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். பிறகு மீதிப் பாதியும் எழுந்து, நேராக நின்றாள்.

"பத்து" என்றாள் அவளே.

டாக்டர் டைரியைத் திறந்து, அடுத்த மாதம் பதினான்காம் தேதியில் அவள் பெயரை எழுதினார். அவர் எழுதி முடிக்கிற வரை அவள் உட்காரவில்லை.